யார் இந்த வாங் கிம் ஆர்க்? சொந்த ஊருக்குள் நுழைய வழக்குப் போட்ட சமையல்காரர்

ஹெச்1பி விசாவில் அமெரிக்கா போன தம்பதிக்கு அங்கே குழந்தை பிறக்கிறது. பெற்றோர் கையில் இந்திய பாஸ்போர்ட், குழந்தை கையில் அமெரிக்க பாஸ்போர்ட். இது எப்படி? பதில் தேடினால், சான்பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஒரு சமையல்காரரிடம் போய் நிற்க வேண்டும். அவர்தான் வாங் கிம் ஆர்க்.

1873-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெற்றோர் சீனாவிலிருந்து வந்து கடை நடத்தியவர்கள். எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் சீனர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடையாது என்றிருந்த காலம் அது. 1882-ல் சீனத் தொழிலாளர்கள் நுழையவே தடைச் சட்டம் வந்தது. 1890-ல் பெற்றோர் சொந்த நாட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

கப்பலில் சிறை

1894-ல் வாங் சீனாவுக்குப் போனார். கிளம்பும்போதே, இவர் இங்கே பிறந்தவர்தான் என்று வெள்ளைக்காரர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். ஆனா, 1895 ஆகஸ்டில் திரும்பியபோது சுங்க அதிகாரி இறங்க விடவில்லை. பிறந்த ஊர் எதிரிலேயே இருக்கிறது. கால் வைக்க முடியவில்லை. ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றி, மாதக்கணக்கில் கடலிலேயே வைத்திருந்தார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெற்றோர் சீனப் பேரரசரின் குடிகள், அதனால் மகனும் அப்படித்தான் என்றது அரசு. அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் குடிமக்களே என்கிறது 1868-ல் வந்த 14-வது திருத்தம். அதுதான் வாங் தரப்பின் பிடிமானம். 1898 மார்ச் 28-ல், 6-க்கு 2 என்ற கணக்கில் வாங் ஜெயித்தார். வெளிநாட்டுத் தூதர்களின் குழந்தைகள் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும்தான். தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு இந்த உரிமையை மறுத்து 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டபோது, எல்லோரும் புரட்டியது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஜெயித்த பிறகு?

நிம்மதி மட்டும் கிடைக்கவில்லை. 1901-ல் டெக்சாஸின் எல் பாசோவில், சட்டவிரோதமாக இருக்கும் சீனர் என்று அவரைக் கைது செய்தார்கள். உச்ச நீதிமன்றமே குடிமகன் என்று சொன்னவர், அதை மறுபடி நிரூபிக்க வேண்டியதாயிற்று.

1910-ல் மூத்த மகன் சீனாவிலிருந்து வந்தார். குடிமகனின் பிள்ளை என்பதால் அவருக்கும் உரிமை உண்டு. அதிகாரிகள் அப்பாவையும் மகனையும் தனித்தனியாக விசாரித்தார்கள். பதில்கள் பொருந்தவில்லை என்று மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்ற மூன்று மகன்களுக்குப் பிற்பாடு அனுமதி கிடைத்தது. மனைவி சீனாவிலேயே இருந்துவிட்டார்.

1931-ல் வாங் மறுபடி சீனாவுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வரும்போது தடை வரக்கூடாது என்று, வழக்கம்போல் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்திருந்தார். ஆனால் அவர் திரும்பி வரவே இல்லை.