'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதியது யார்? 18 வயதுப் பெண்ணை நம்ப மறுத்த உலகம்: மேரி ஷெல்லியின் கதை

ஃபிராங்கன்ஸ்டைன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தட்டையான தலை, கழுத்தின் இரண்டு பக்கமும் போல்ட், தடுமாறித் தடுமாறி நடந்து வரும் ஒரு ராட்சத உருவம். அதானே?

அந்த போல்ட் நாவலில் கிடையாது. 1931-ல் வந்த ஹாலிவுட் படத்தின் மேக்கப் அது. இன்னொரு விஷயம், ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்த உருவத்தின் பெயரும் இல்லை. அதை உருவாக்கிய விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற மாணவனின் பெயர். உருவத்துக்கு நாவல் முழுக்கத் தேடினாலும் பெயர் இருக்காது.

பெயர் இல்லாமல் போனது அந்த உருவத்துக்கு மட்டும் இல்லை. 1818 ஜனவரி 1-ம் தேதி லண்டனில் இந்த நாவல் வெளியானபோது, எழுதியவர் பெயரும் புத்தகத்தில் இல்லை. எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது 18. பெயர், மேரி.

பிறந்த 11 நாளில் போன அம்மா

1797 ஆகஸ்ட் 30-ம் தேதி லண்டனில் பிறந்தார் மேரி. அம்மா மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான கல்வி வேண்டும் என்று 1792-லேயே புத்தகம் எழுதியவர். அப்பா வில்லியம் காட்வின், அரசாங்கமே தேவையில்லை என்று வாதிட்ட தத்துவவாதி. அந்தக் கால இங்கிலாந்தில் இந்த இரண்டு பேரையும் தெரியாத படித்தவர்கள் குறைவு.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி முழுசா வெளியே வரவில்லை. டாக்டர் கையை விட்டு எடுத்தார். கிருமி என்றால் என்ன என்றே தெரியாத காலம். பிரசவக் காய்ச்சல் வந்து 11 நாளில் அம்மா இறந்துபோனார்.

தன்னைப் பெற்றதால்தான் அம்மா போனார் என்ற எண்ணத்தோடே வளர்ந்தார் மேரி. செயின்ட் பான்க்ராஸ் தேவாலயத்து அம்மா கல்லறைக்குப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து படிப்பது அவரது வழக்கம். அப்பா மறுமணம் செய்துகொண்டார். சித்தியோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லை. சித்தியின் மகள் கிளேர் மட்டும், விட்டாலும் விடாத ஒரு சொந்தமாக வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்தார்.

வீட்டில் பணம் இல்லை, ஆனா புத்தகத்துக்குக் குறைவில்லை. கவிஞர் கோல்ரிட்ஜ் ஒருநாள் வீட்டுக்கு வந்து தன் நீண்ட கடல் கவிதையைச் சொன்னபோது, தூங்கப் போகாமல் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து கேட்டவர் இந்தச் சிறுமி.

'ரொமான்டிக்' என்றால் காதல் இல்லை

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். இந்தக் காலகட்டத்தைத்தான் ரொமான்டிக் காலம் என்கிறார்கள். தமிழில் புனைவியல் என்று சொல்வார்கள். நாம் இன்று சொல்லும் 'ரொமான்ஸ்' இல்லை இது.

18-ம் நூற்றாண்டு முழுக்க அறிவு, ஒழுங்கு, விதி என்றே ஐரோப்பா பேசிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ஆலைகள் வந்தன. ஊர்கள் கரியாகின. அப்போது ஒரு தலைமுறை, மனுஷனுக்கு உணர்ச்சி இல்லையா, கனவு இல்லையா, மலையையும் புயலையும் பார்த்தால் நடுக்கம் வராதா என்று கேட்க ஆரம்பித்தது. கவிதையில் வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், இசையில் பீத்தோவன், ஓவியத்தில் டர்னர். தனிமனிதனின் கற்பனைக்கு எல்லையே இல்லை என்று இவர்கள் நம்பினார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு உள்ளேயே இருந்துகொண்டு, எல்லை இல்லாத அந்த மனிதன் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்தவர் மேரி. அதற்குக் காரணம் இருந்தது.

16 வயதில் வீட்டை விட்டு...

காட்வினைத் தேடி வீட்டுக்கு வந்த ரசிகர்களில் ஒருவர் பெர்சி ஷெல்லி. பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. நாத்திகம் பற்றித் துண்டுப் பிரசுரம் போட்டதற்காக ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளியேற்றப்பட்ட கவிஞர். வயது 21. ஏற்கனவே கல்யாணம் ஆனவர். மனைவி ஹாரியட் அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார்.

மேரியும் பெர்சியும் பேசிப் பழகியதும் அதே அம்மா கல்லறை அருகேதான். 1814 ஜூலை 28-ம் தேதி விடியும் முன்பே இருவரும் பிரான்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். கிளேரும் கூடவே போனார். திருமணம் என்ற அமைப்பே வேண்டாம் என்று ஒருகாலத்தில் எழுதிய காட்வின், தன் மகள் விஷயத்தில் கதவைச் சாத்திவிட்டார். ஆனா பெர்சியிடம் கடன் கேட்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. கொள்கை வேறு, குடும்பம் வேறு போல!

1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைப்பிரசவத்தில் ஒரு பெண் குழந்தை. பெயர் வைக்கும் முன்பே, இரண்டு வாரத்துக்குள் இறந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் ஒரு கனவு வந்ததாக டைரியில் எழுதி வைத்தார் மேரி. குழந்தை சாகவே இல்லை, உடம்பு குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

செத்த உடம்புக்கு உயிர் வருவது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் முன்னாடி வந்த கனவு இது.

கோடை வராத வருஷம்

1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வரலாற்றில் பதிவான மிகப் பெரிய எரிமலை வெடிப்புகளில் ஒன்று. வானத்துக்குப் போன கந்தகமும் சாம்பலும் உலகத்தைச் சுற்றிப் பரவின. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. விடாத மழை, குளிர், பயிர் அழிவு. காரணம் அங்கே யாருக்கும் தெரியாது.

அந்த 1816 கோடையில்தான் மேரி, பெர்சி, அவர்களின் கைக்குழந்தை வில்லியம், கிளேர் எல்லோரும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரைக்குப் போனார்கள். பக்கத்து வீட்டில் லார்ட் பைரன். இங்கிலாந்தின் மிகப் பிரபலமான கவிஞர், குடும்பச் சண்டையும் அவதூறும் துரத்த நாட்டை விட்டு வந்தவர். கூடவே அவருடைய டாக்டர், 20 வயது ஜான் பொலிடோரி.

வெளியே போக முடியாத மழை. பேய்க் கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துப் பொழுதைப் போக்கினார்கள். நாமும் ஆளுக்கு ஒரு பேய்க் கதை எழுதலாம் என்றார் பைரன்.

பெரிய கவிஞர்கள் இரண்டு பேரும் தொடங்கியதைப் பாதியில் விட்டுவிட்டார்கள். உருப்படியாக முடித்தவர்கள் யாரும் எதிர்பார்க்காத இரண்டு பேர். ஒருவர் பொலிடோரி. அவர் எழுதிய ரத்தக்காட்டேரி கதைதான் பின்னால் வந்த டிராகுலா வகைக் கதைகளுக்கெல்லாம் முன்னோடி. 1819-ல் அது அச்சானபோது பைரன் பெயரைப் போட்டு விற்றார்கள். பாவம், அவருக்கும் அதே கதிதான்.

இன்னொருவர் மேரி. கதை கிடைத்ததா என்று தினமும் கேட்பார்கள், இல்லை என்றே தலையாட்டுவார். ஒரு ராத்திரி, உயிர் என்பது என்ன, அதை மனுஷனால் உண்டாக்க முடியுமா என்று பேச்சுப் போனது. இது வெறும் கற்பனை இல்லை. செத்த தவளையின் கால் மின்சாரத்தில் துடிப்பதை இத்தாலியின் கால்வானி காட்டியிருந்தார். அவருடைய உறவினர் ஆல்டினி, 1803-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் மின்சாரம் பாய்ச்சியபோது தாடை ஆடியது, ஒரு கண் திறந்தது. பார்த்தவர்கள் அரண்டு போனார்கள்.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது மனதில் ஒரு காட்சி ஓடியதாக மேரி பிறகு எழுதினார். ஒரு மாணவன், தான் ஒட்டிச் சேர்த்த உடலின் அருகே மண்டியிட்டிருக்கிறான். அது அசைகிறது. அவன் பயந்து ஓடுகிறான்.

கவனிங்க, அவன் ஓடுகிறான். நாவலின் திகிலே அங்கேதான் இருக்கிறது. உயிர் கொடுத்தவன் அடுத்த நிமிஷமே கைவிட்டுவிடுகிறான். சினிமாவில் உறுமுவதுபோல அந்த உருவம் நாவலில் உறுமாது. ஒரு வீட்டுச் சுவரின் இடுக்கு வழியே பார்த்துப் பார்த்து மொழி கற்கும், மில்டனைப் படிக்கும், என்னை ஏன் படைத்தாய் என்று நியாயம் கேட்கும். பதில் கிடைக்காதபோதுதான் அது கொலைகாரனாக மாறுகிறது.

எழுதி முடிக்கும் முன்பே இரண்டு மரணங்கள்

இங்கிலாந்து திரும்பினார்கள். 1816 அக்டோபரில் மேரியின் அக்கா ஃபேனி உயிரை மாய்த்துக்கொண்டார். டிசம்பரில் பெர்சியின் மனைவி ஹாரியட்டின் உடல், லண்டன் ஹைட் பார்க் ஏரியில் கிடைத்தது. அடுத்த மூன்றே வாரத்தில், டிசம்பர் 30-ம் தேதி, மேரிக்கும் பெர்சிக்கும் கல்யாணம். இதை எப்படிப் பார்த்தாலும் உறுத்தத்தான் செய்கிறது. மேரிக்கும் அது உறுத்தாமல் இல்லை. தனக்கு வந்த துயரங்களை ஹாரியட்டின் சாவோடு சேர்த்தே பிற்காலத்தில் யோசித்தார்.

மறுபடியும் கர்ப்பமாக இருந்தபடியே 1817 மே மாதம் நாவலை முடித்தார். சில பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. கடைசியில் வெளியானது 500 பிரதி. பெண்கள் பெயர் போடாமல் எழுதுவது அன்று சகஜம்தான். ஜேன் ஆஸ்டின் உயிரோடு இருந்தவரை அவர் பெயர் எந்த நாவலிலும் வரவில்லை. ஆனா மேரிக்கு இன்னொரு சிக்கல். முன்னுரையை எழுதியது பெர்சி. புத்தகம் காட்வினுக்குச் சமர்ப்பணம். இதைப் பார்த்ததும் எழுதியவர் பெர்சிதான் என்று முடிவு கட்டினார்கள். பிரபல நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டும் அப்படியே நினைத்து விமர்சனம் எழுதினார். அது நான் எழுதியது என்று அவருக்கு மேரி கடிதம் போட வேண்டியிருந்தது.

இத்தாலி: மூன்று கல்லறைகள்

1818-ல் குடும்பம் இத்தாலிக்குப் போனது. பெர்சி உடனே வரச் சொன்னதால், உடம்பு சரியில்லாத ஒரு வயதுக் குழந்தை கிளாராவோடு கொளுத்தும் வெயிலில் நாலு நாளைக்கு மேல் பயணம் செய்தார் மேரி. குழந்தை வெனிஸில் இறந்தது. அடுத்த ஜூனில் ரோமில் மலேரியா. மூன்று வயது வில்லியமும் போய்விட்டான். மேரிக்கு அப்போது வயது 21. பெற்ற மூன்றில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அந்த நவம்பரில் பிறந்த பெர்சி ஃப்ளோரன்ஸ் என்ற மகன் மட்டுமே பிழைத்தான்.

1822 ஜூனில் கருச்சிதைவாகி ரத்தம் நிற்காமல் போனபோது, ஐஸ் நிரப்பிய தொட்டியில் உட்கார வைத்து மேரியைக் காப்பாற்றியவர் பெர்சி. மூன்று வாரம் கழித்து, ஜூலை 8-ம் தேதி, அவர் போன படகு புயலில் மூழ்கியது. உடல் பத்து நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. நோய்த் தடுப்புச் சட்டப்படி கடற்கரையிலேயே எரித்தார்கள்.

மாமனார் போட்ட கண்டிஷன்

24 வயதில் விதவை. 1823-ல் மகனோடு லண்டன் திரும்பியபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாடகமாக ஓடிக்கொண்டிருந்தது, கூட்டம் அலைமோதியது. மேரியும் போய்ப் பார்த்தார். நடிகர் பட்டியலில் உருவத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்ததை ரொம்ப ரசித்தார். அதே ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில்தான் முதன்முதலாக அவர் பெயர் அச்சானது.

ஆனா பணம் வேண்டுமே. பெர்சியின் அப்பா சர் டிமோதி பெரிய நிலக்கிழார். பேரனுக்காக ஒரு சின்னத் தொகை தர ஒப்புக்கொண்டார், அதுவும் கடனாக. நிபந்தனை: மகனின் வாழ்க்கை வரலாற்றை மேரி எழுதவே கூடாது. 1824-ல் மேரி தொகுத்து வெளியிட்ட பெர்சியின் கவிதைப் புத்தகத்தையும் விற்பனையிலிருந்து திரும்பப் பெற வைத்தார்.

மேரி எழுதியே பிழைத்தார். பெருந்தொற்றில் மனிதகுலமே அழிவதைச் சொல்லும் 'கடைசி மனிதன்' நாவல் 1826-ல் வந்தது. கொரோனா காலத்தில் பலரும் அதைத் தேடிப் படித்தார்கள்.

1839-ல் பெர்சியின் மொத்தக் கவிதைகளையும் வெளியிட அனுமதி கிடைத்தது, வரலாறு மட்டும் கூடாது. சரி என்றார் மேரி. ஒவ்வொரு கட்டக் கவிதைகளுக்கும் நீளமான குறிப்பு எழுதினார்: எங்கே இருந்தோம், என்ன நடந்தது, அப்போது எழுதியது எது. குறிப்புகளை வரிசையாகப் படித்தால் அதுவே வாழ்க்கை வரலாறு! பெர்சி ஷெல்லி இன்று பெரிய கவிஞராக நிற்பதில் இந்தக் குறிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அப்போ, எழுதியது யார்?

1931 படத்தின் டைட்டிலில் நாவலாசிரியர் பெயர் எப்படி வந்தது தெரியுமா? மிஸஸ் பெர்சி பி. ஷெல்லி. 2007-ல்கூட, உண்மையில் எழுதியவர் பெர்சிதான் என்று வாதிட்டு ஒரு புத்தகம் வந்தது.

கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. மேரியின் கையெழுத்தில் நாவல்; ஓரங்களிலும் வரிகளுக்கு நடுவிலும் பெர்சியின் திருத்தம். ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 72,000 வார்த்தைகளில் பெர்சியுடையது 4,000 முதல் 5,000. நல்ல எடிட்டர் ஒருவர் செய்யும் வேலை அது. சில இடங்களில் மேரியின் எளிய வார்த்தையைக் கனமான வார்த்தையாக மாற்றியும் வைத்திருக்கிறார்.

1851 பிப்ரவரி 1-ம் தேதி, 53 வயதில், லண்டனில் மேரி இறந்தார். மூளைக் கட்டி என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள். அம்மா அப்பாவோடு புதைக்கப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. செயின்ட் பான்க்ராஸ் இடுகாடு மோசமான நிலையில் இருந்ததால், மகனும் மருமகளும் அங்கிருந்து காட்வின், வுல்ஸ்டன்கிராஃப்ட் எச்சங்களைத் தோண்டி எடுத்து, போர்ன்மவுத் நகரில் மேரியோடு சேர்த்துப் புதைத்தார்கள்.

அவருடைய எழுது மேஜைப் பெட்டியைப் பிறகு திறந்து பார்த்தார்கள். இறந்த குழந்தைகளின் தலைமுடிச் சுருள்கள் இருந்தன. பெர்சியின் கவிதைப் புத்தகத் தாள் ஒன்றுடன் பட்டுத் துணிப் பொட்டலம் ஒன்றும் இருந்தது. அதற்குள், கடற்கரைத் தீயில் எரியாமல் எஞ்சிய கணவரின் இதயம்.