தகைவிலானைத் தேடிய பாதிரியார்

இங்கிலாந்தில் செல்போர்ன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1720ல் பிறந்தவர் கில்பர்ட் ஒயிட். தேவாலயத்தில் பாதிரியார் வேலை. மற்ற நேரமெல்லாம் பறவைகளின் பின்னால்தான். வசந்த காலம் வந்ததும், ஊரை ஒட்டிய மலைச்சரிவிலும், குத்துச்செடிகள் மண்டிய உல்மர் மணல் பொட்டலிலும் சுற்றி வருவார். பைனாகுலர் எல்லாம் அவரிடம் கிடையாது. உருவத்தில் ஒன்றுபோலவே இருந்த மூன்று கதிர்க்குருவிகளை, பாட்டைக் கேட்டே வெவ்வேறு இனம் என்று பிரித்தறிந்தார். எவ்வளவு கூர்மையான காது, பாருங்கள்!

ஆனால், ஒரு கேள்வி அவரை விடவே இல்லை. குளிர்காலத்தில் தகைவிலான் இனக் குருவிகள் எங்கே போகின்றன? ஜிப்ரால்டரில் இருந்த தம்பி, அவை கடலைக் கடந்து போவதைப் பார்த்து எழுதினார். அப்படியும் ஒயிட்டுக்குச் சந்தேகம். சில குருவிகளாவது ஊரிலேயே பொந்துகளில் தூங்குமோ? 1781 வசந்தத்தில் ஆட்களை வைத்து மலைச்சரிவுப் புதர்களையும் பொந்துகளையும் தேடச் சொன்னார். ஒன்றுகூட அகப்படவில்லை.

பறவைகள் பற்றி எழுதிய கடிதங்களை 1789ல் புத்தகமாக்கினார். சந்தேகம் தீராமலே 1793ல் காலமானார்.

விடை தெரிய வேண்டுமா? 1911ல் இங்கிலாந்தில் ஒரு தகைவிலானின் காலில் வளையம் மாட்டிவிட்டார்கள். 1912 டிசம்பரில் அந்தக் குருவி தென்னாப்பிரிக்காவில் அகப்பட்டது!