கப்பலில் வந்தவரின் பேரன்: முன்ஷி அப்துல்லாவின் வாழ்வு

நம் சங்கத்தின் பொன்விழா மலரில், கியா பார்மை ஒருநாளும் கண்டிராத ஒருவருடைய வாழ்க்கையை எழுத முன்வந்துள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. நம்மில் பெரும்பாலோருடைய பாட்டனார்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கரையிறங்கி, தாப்பா சாலை வழியாக இந்தக் குளிர்மலைக்கு வந்தவர்கள். 1926இல் கட்டப்பட்டு ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஓடிய ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னாலே நம் வீட்டு முதியவர்களுக்குப் பழைய நாட்கள் திரும்பிவிடும். அந்தக் கப்பல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, நாகூரிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த ஒருவருடைய பேரன் இந்நாட்டின் மொழிக்கே ஆசானாக விளங்கினார். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று இன்று பள்ளிப் பாடங்கள் போற்றும் முன்ஷி அப்துல்லா பின் அப்துல் காதிர் அவர்கள்தாம் அவர்.

அவருடைய குடும்ப வரலாற்றை அவரே எழுதி வைத்திருக்கிறார். கொள்ளுப்பாட்டனார் ஷெய்கு அப்துல் காதிர் ஏமன் நாட்டு அரபியர். அவர் நாகூருக்கு வந்து திருக்குர்ஆன் ஓதக் கொடுத்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்மணியை மணந்துகொண்டார். அவருடைய மக்கள் கடல் கடந்து கிழக்கே சென்றார்கள். அவர்களில் முஹம்மது இப்ராஹீம் என்பவர் மலாக்காவில் இறங்கி, ஷெய்கு மீரா லெப்பை என்பாரின் மகள் பெரியாச்சியை மணந்தார். லெப்பை என்றும் பெரியாச்சி என்றும் அந்தப் பெயர்களைப் படிக்கும்போதே இவர்கள் நம் வீட்டு மனிதர்கள் என்பது விளங்கிவிடும். பெரியாச்சி மலாக்காவின் கம்போங் பாலியில் ஓதும் பள்ளி நடத்தினார். ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் அங்கே ஓதினார்கள். கடல் கடந்து வந்த ஒரு குடும்பத்தின் பெண், இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பு இப்படியொரு பள்ளியை நடத்தினார் என்பதை நம் பெண்பிள்ளைகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இந்தப் பெரியாச்சியின் மகன் அப்துல் காதிருக்கும், கெடாவிலிருந்து வந்த இந்திய வழிக் குடும்பத்தைச் சேர்ந்த சலாமாவுக்கும் 1796இல் அப்துல்லா பிறந்தார். முன்பு பிறந்த பிள்ளைகள் சிறுவயதிலேயே இறந்துவிட்டதால், நோஞ்சானாகப் பிறந்த இந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் பெற்றோர் மிகவும் பாடுபட்டார்கள். அக்கம்பக்கத்துத் தாய்மார் பலர் அவருக்குப் பாலூட்டி வளர்த்தார்கள். மலாக்கா அப்போது ஆங்கிலேயர் கைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. போர்த்துக்கீசியர் கட்டிய பெரிய கோட்டையை 1807இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தபோது, அதை நேரில் கண்ட சிறுவர்களில் இவரும் ஒருவர்.

அவர் கற்ற முறையை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். முதலில் திருக்குர்ஆன். பின்பு, தந்தையாரின் கண்டிப்பான மேற்பார்வையில் எழுத்துப் பயிற்சி. அதன்பின் இரண்டரை ஆண்டுகள் ஓர் ஆசிரியரிடம் தமிழ் கற்றார். மலாக்காவில் தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்த காலம் அது. கணக்கு எழுதவும் வணிகம் பேசவும் தமிழ் வேண்டும் என்பதால், வசதியுள்ள வீடுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது தலைமுறை வழக்கமாக இருந்தது. கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்கு இவர் ஓதக் கொடுத்தார். அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். ஆசான் என்னும் பொருளில் முன்ஷி என்று முதலில் அழைத்தவர்கள் அந்தச் சிப்பாய்கள்தாம். அந்தப் பட்டம் அவர் பெயரோடு இன்றுவரை நிலைத்துவிட்டது.

வீட்டில் பேசியதாலேயே மலாய் வந்துவிட்டது என்று அவர் இருந்துவிடவில்லை. பழைய ஏடுகளைத் தேடிப் படித்தார். எழுத்தர்களிடமும் அறிஞர்களிடமும் போய்ச் சந்தேகம் கேட்டார். ஜாவாப் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்ய ராபிள்ஸ் துரை மலாக்காவுக்கு வந்து தங்கியபோது, ஏடுகளைப் படியெடுக்க எழுத்தர்களை அமர்த்தினார். அவர்களில் மிக இளையவர் அப்துல்லா. பின்னர் 1815இல் மில்ன் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு மலாய் கற்பித்து, அவரிடம் ஆங்கிலம் கற்றார் அப்துல்லா. அச்சுத் தொழிலும் தெரிந்துகொண்டார். இதனால் வீட்டில் கவலையும் ஊரில் பேச்சும் எழுந்தன. பாதிரிகளுக்காக மொழிபெயர்ப்பும் செய்தமையால், சிலர் அவரை அப்துல்லா பாதிரி என்று ஏளனம் செய்தார்கள். அவர் தம் மார்க்கத்தை விட்டு விலகவும் இல்லை, கற்பதை நிறுத்தவும் இல்லை.

1819இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் துறைமுகம் திறந்ததும் மலாக்கா மக்கள் பலர் அங்கே போனார்கள். அப்துல்லாவும் போனார். சீனத்திலிருந்தும் இந்தியக் கரையிலிருந்தும் பூகிஸ் தீவுகளிலிருந்தும் கப்பல் கப்பலாக மனிதர்கள் வந்திறங்கியதை அருகிலிருந்து பார்த்தவர் அவர். வந்த எல்லோரும் தம் விருப்பத்தால் வந்தவர்கள் அல்லர். பூகிஸ் வணிகர்கள் ஆணும் பெண்ணுமாக அடிமைகளை ஏற்றிவந்து விற்றார்கள். அவர்கள் விலங்குகளைப்போல் நடத்தப்பட்டதைக் கண்டு அப்துல்லா மனம் நொந்தார். கண்டதை ராபிள்ஸிடம் எடுத்துச் சொன்னார். தம் நூலிலும் மறைக்காமல் எழுதினார். 1823இல் ராபிள்ஸ் அடிமை வணிகத்தைத் தடைசெய்து விதி வகுத்தார். அதே ஆண்டு இன்னொரு விதியும் வந்தது. கப்பல் கட்டணம் செலுத்த வழியின்றி வந்திறங்கும் கூலிகளின் பயணக் கடன் 20 டாலருக்கு மிகக் கூடாது, அதற்கு ஈடாக அவர்கள் உழைக்கும் காலம் 2 ஆண்டுக்கு மிகக் கூடாது என்பது அது. புதிதாக வருகிறவன் தோளில் ஏறும் முதல் சுமை பயணக் கடன் என்பது அன்றே தெரிந்திருந்தது. கங்காணியிடம் முன்பணம் வாங்கி வந்த நம் முன்னோருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் பகாங் மண்ணையும் அப்துல்லா மிதித்திருக்கிறார். 1838இல் கிளந்தானில் அரசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து கடிதங்களை எடுத்துச் சென்ற குழுவில் அவரும் கடல்வழியே புறப்பட்டார். வழியில் பகாங்கிலும் திரங்கானுவிலும் இறங்கினார். நம் மலையில் பிறக்கும் தெலோம் ஆறு ஜெலாயில் கலந்து, பகாங் ஆறாகிக் கடலைச் சேரும் அந்தக் கீழ்க்கரை நாட்டைத்தான் அவர் பார்த்தார். வளமான மண்ணில் மக்கள் ஏழைகளாக இருந்தது அவரை வருத்தியது. பாடுபட்டுச் சேர்த்தால் அதை அதிகாரத்தில் இருப்பவர்கள் பறித்துக்கொள்வார்கள் என்ற அச்சமே காரணம் என்று கண்டு, அதை வெளிப்படையாக எழுதினார். அரசர்களைக் குறைகூற யாரும் துணியாத காலம் அது.

ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார், மலாய் மக்களைக் கடுமையாகப் பேசினார் என்ற குறை அவர்மீது உண்டு. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது என்றே நாமும் கருதுகிறோம். ஆங்கிலேயரிடம் சம்பளம் வாங்கியவர் அவர்களுடைய குற்றங்களைக் குறைவாகவே கண்டார். ஆனாலும் தாம் பிறந்த நாட்டின் மக்கள் தம் மொழியை ஒழுங்காகக் கற்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற கவலை அவர் எழுத்து முழுவதிலும் ஓடுகிறது. வேற்று நாட்டான் என்ற எண்ணம் இருந்திருந்தால் இந்தக் கவலை வந்திருக்காது.

பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்கு 1835இல் கொண்டுவந்தார். ஒரு தமிழ் நண்பர் உடனிருந்து உதவினார். சிறுவயதில் கற்ற தமிழ், நாற்பதை நெருங்கும் வயதில் மலாய் மொழிக்குச் செல்வமாக மாறியது. நீராவிக் கப்பல் சிங்கப்பூருக்கு வந்தபோது அதில் ஏறி, பொறிகளைப் பார்த்துக் கேட்டறிந்து, 1843இல் அதைப் பற்றியே ஒரு சிறு நூல் வெளியிட்டார். நம் முன்னோரை ஏற்றிவந்த புகைக்கப்பல்களின் கதையை மலாய் மக்களுக்கு முதன்முதலில் விளக்கிச் சொன்னவர்களில் நாகூர் வழிவந்த இவரும் ஒருவர். அமெரிக்கப் பாதிரியார் நார்த் தூண்டியதால் தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். அதுவே 1849இல் அச்சேறிய ஹிகாயத் அப்துல்லா. அதுவரை மலாய் ஏடுகள் பெரிதும் அரசர்களையும் வீரர்களையும் பாடின. நான் கண்டேன், நான் கேட்டேன் என்று ஒரு சாதாரண மனிதர் தம் வாயால் சொல்வது புதிது. தெருவும் சந்தையும் நோயும் படகுத்துறையும் இலக்கியத்தில் இடம்பெற்றன.

1854இல் ஹஜ்ஜை நாடி அவர் சிங்கப்பூரில் கப்பலேறினார். குமரிமுனையைச் சுற்றும்போது கடல் கொந்தளித்துப் பயணிகள் உயிருக்கு அஞ்சினார்கள். அதன்பின் கப்பல் ஆலப்புழையிலும் கள்ளிக்கோட்டையிலும் நின்று ஜித்தாவை நோக்கிச் சென்றது. பாட்டனார் புறப்பட்ட நாட்டின் தென்கோடியைப் பேரன் இப்படித்தான் கடந்தார். நாகூர் அந்த வழியில் இல்லை. கொள்ளுப்பாட்டனார் விட்டுவந்த அரபு மண்ணில், அதே ஆண்டு, 58 வயதளவில் அப்துல்லா வஃபாத்தானார். அந்தப் பயணத்தைப் பற்றிய அவருடைய குறிப்புகள் மட்டும் திரும்பி வந்தன. அவருடைய மகன் முஹம்மது இப்ராஹீம் முன்ஷி, நாகூரிலிருந்து வந்த பாட்டனாரின் பெயரைத் தாங்கியவர். ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்த அவரும் தம் பயணங்களை எழுதினார்.

இந்த வாழ்விலிருந்து நம் சங்கம் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ள விரும்புகிறது.

முதலாவது மொழி. தமிழை விட்டால்தான் மலாய் நன்றாக வரும் என்று நம் வீடுகளில் சிலர் எண்ணுகிறார்கள். மலாய் மொழிக்கே தந்தை என்று பெயர்பெற்றவர் தமிழ் கற்றுத்தான் வளர்ந்தார். அவருக்குத் தமிழும் அரபும் இந்துஸ்தானியும் ஆங்கிலமும் மலாயைக் கெடுக்கவில்லை. கியா பார்மின் நம் பிள்ளைகள் மாலையில் ஓதிவிட்டு, அரைமணி நேரம் தமிழும் படிக்கட்டும்.

இரண்டாவது, நமக்குப் பின் வருகிறவர்கள். 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. சுதந்திரத்துக்குப் பின் குடிநுழைவுச் சட்டங்களும் இறுகின. நம் முன்னோர் வந்த கப்பல்களும் நின்றுவிட்டன. ஆனால் இந்த மலைக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. இன்று தேயிலை மலையிலும் காய்கறித் தோட்டத்திலும் வங்காளதேசத்தார், நேபாளியர், இந்தோனேசியர், மியன்மார் மக்கள் உழைக்கிறார்கள். அவர்கள் விமானத்தில் வருகிறார்கள், ஆனால் முகவரிடம் பட்ட கடனோடுதான் பலர் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நின்று தொழுகிறவர்களும் அவர்களில் உண்டு. தொழுகை முடிந்ததும் அவர்களை வெளியாட்கள் என்று நாம் பேசுகிறோம். அவர்களில் ஒருவருடைய பேரன் நாளை இந்நாட்டுக்கு எத்தகைய ஆசானாக வருவான் என்பது நமக்குத் தெரியாது. மலாக்காத் துறையில் இறங்கிய முஹம்மது இப்ராஹீமைப் பார்த்தவர்களுக்கும் அது தெரிந்திருக்காது. ஒரு கடிதம் எழுதித் தரவும், மருத்துவமனைக்குத் துணைக்குப் போகவும், சம்பளக் கணக்கைப் பார்த்துச் சொல்லவும் நம் சங்கத்தால் முடியும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த நம் சங்கத்தின் அடுத்த பணிகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

முன்ஷி அப்துல்லா அவர்களுக்கும், கடல் கடந்து வந்து இந்த மண்ணில் அடங்கிய நம் முன்னோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் மறுமையில் நல்வாழ்வு அருள்வானாக. ஆமீன்.