உழவர்களை ஒன்றாய் அமரவைத்தவர்

உழைப்பு உழவருடையது. விலையையும் கட்டணத்தையும் முடிவு செய்பவரோ வேறொருவர். இந்நிலையில் தவித்த அமெரிக்க உழவர்களை ஒன்றுசேர்த்த ஆலிவர் ஹட்சன் கெல்லியின் வாழ்வை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1826ம் ஆண்டு பாஸ்டனில் பிறந்த கெல்லி, 1849ம் ஆண்டு, புதிதாகக் குடியேற்றம் நிகழ்ந்துவந்த மினசோட்டாவுக்குச் சென்றார். ஏர் பிடித்து அறியாத அந்த நகரத்து இளைஞர், எல்க் ரிவர் அருகே நிலம் பெற்று, வேளாண் இதழ்களைப் படித்தே உழவைக் கற்றார்.

வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போர் 1865ம் ஆண்டு முடிந்தது. அடுத்த ஆண்டு, அரசின் வேளாண் துறை அவரைத் தெற்கே அனுப்பியது. பாழடைந்த வயல்களையும், ஆறாத பகைமையையும் அங்கே கண்டார். அரசியல்வாதிகள் இணைக்க முடியாத மக்களை உழவர்களின் தோழமை இணைக்கும் என்று நம்பினார்.

1867ம் ஆண்டு டிசம்பர் 4ம் தேதி, நண்பர்கள் சிலருடன் வாஷிங்டனில் 'கிரேஞ்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பெண்களுக்கும் சம இடம் வேண்டும் என்று அவரது உறவுப்பெண் கேரலைன் ஹால் வலியுறுத்தினார். அமைப்பு அதை ஏற்றது. அந்நாட்டுப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920ம் ஆண்டில்தான் என்பதை நாம் மறக்கக்கூடாது.

1868ம் ஆண்டு, அரசுப் பணியை விட்டுவிட்டு, சொற்பப் பணத்தோடு ஊர் ஊராகச் சென்றார் கெல்லி. பல ஊர்களில் ஏமாற்றமே மிஞ்சியது. ஆனால், இரயில் நிறுவனங்களும் தானியக் கிடங்கு உரிமையாளர்களும் விருப்பம்போல் கட்டணம் வசூலித்தபோது, உழவர்கள் கிரேஞ்சைத் தேடி வந்தனர். 1875ம் ஆண்டில் உறுப்பினர்கள் எட்டு இலட்சத்தைத் தாண்டினர். கருவிகளைச் சேர்ந்து வாங்கினர். கட்டணத்திற்கு வரம்பு விதிக்கும் சட்டங்களைச் சில மாநிலங்கள் இயற்றின. இல்லினாய் மாநிலத்தின் கிடங்குக் கட்டணச் சட்டம் செல்லும் என்று 1877ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தோழமைக்கும் ஒரு குறை இருந்தது. தெற்கில் கறுப்பின உழவர்களுக்குக் கிரேஞ்சின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. அவர்கள் 1886ம் ஆண்டு டெக்சாஸில் தங்களுக்கெனத் தனிச் சங்கம் தொடங்கினர்.

கெல்லி 1878ம் ஆண்டு செயலர் பொறுப்பிலிருந்து விலகி, 1913ம் ஆண்டு வாஷிங்டனில் இறந்தார். கிரேஞ்ச் இன்றும் இயங்குகிறது.

தனித்தனியே முறையிட்டபோது கேளாத செவிகள், சேர்ந்து அமர்ந்தபோது திறந்தன. நாம் ஒன்றுகூடும் இடங்களில், யாருக்கு இன்னும் இருக்கை போடவில்லை? சிந்திப்போம்.