பாபி டிரிஸ்கோல்

பாபி டிரிஸ்கோல் (மார்ச் 3, 1937 – மார்ச் 1968) அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஆவார். 1940களில் ஹாலிவுட்டின் புகழ்பெற்ற குழந்தை நட்சத்திரங்களுள் ஒருவராக விளங்கினார். வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் பீட்டர் பான் (1953) அசைவூட்டத் திரைப்படத்தில் பீட்டர் பானுக்குக் குரல் கொடுத்தவர் இவரே. வளர்ந்தபின் வாய்ப்புகளை இழந்து, போதைப்பழக்கத்துக்கு ஆளாகி, 31வது அகவையில் நியூயார்க் நகரில் எவரும் அடையாளம் அறியாத நிலையில் இறந்தார்.

குழந்தை நட்சத்திரம்

அயோவா மாநிலத்தின் சிடார் ராப்பிட்ஸ் நகரில் பிறந்தார். இவரது குடும்பம் பின்னர் கலிபோர்னியாவில் குடியேறியது. 1943 இல் லாஸ்ட் ஏஞ்சல் படத்தில் சிறு வேடத்தில் அறிமுகமானார். டிஸ்னி நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் நடிகர்கள் இவரும் சிறுமி லுவானா பாட்டனும் ஆவர். இருவரும் சாங் ஆப் த சவுத் (1946) படத்தில் இணைந்து நடித்தனர்.

த விண்டோ (1949) படத்தில், கொலையொன்றை நேரில் கண்டும் பெரியவர்களால் நம்பப்படாத சிறுவனாக நடித்தார். இப்படத்துக்காகவும் சோ டியர் டு மை ஹார்ட் படத்துக்காகவும் 1950 மார்ச்சில் இளையோருக்கான சிறப்பு அகாதமி விருது இவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த டிரெஷர் ஐலண்ட் படத்தில் ஜிம் ஹாக்கின்ஸ் வேடம் ஏற்றார்.

திரைத்துறையிலிருந்து விலகல்

பீட்டர் பான் படத்துக்கு இவரது குரலுடன் முகபாவங்களும் ஓவியர்களுக்கு மாதிரியாகப் பயன்பட்டன. என்றும் வளராத சிறுவனின் கதையான அப்படம் 1953 பெப்ரவரியில் வெளியானது. சில வாரங்களில், 16 அகவை நிரம்பிய டிரிஸ்கோலின் ஒப்பந்தத்தை டிஸ்னி நிறுவனம் முடித்துக்கொண்டது. முகத்தில் கடுமையான பருக்கள் தோன்றியிருந்ததும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

பின்னர் பொதுப் பள்ளியில் சேர்ந்தபோது, திரைப்படங்களில் நடித்ததன் காரணமாகவே சக மாணவர்களின் கேலிக்கு உள்ளானார். இக்காலத்தில் போதைப்பொருள் பழக்கம் தொடங்கியது. தொலைக்காட்சி நாடகங்களில் சில வேடங்கள் கிடைத்தன. த பார்ட்டி கிராஷர்ஸ் (1958) இவரது கடைசி ஹாலிவுட் திரைப்படம் ஆகும்.

பிற்கால வாழ்க்கை

1956 இல் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். மணவாழ்வு 1960 இல் முறிந்தது. அதே ஆண்டில் ஹாலிவுட் புகழ் நடைபாதையில் இவரது பெயரில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. மறு ஆண்டில் போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டு, கலிபோர்னியாவின் சினோ சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலைக்குப் பின் நடிப்பு வாய்ப்பு எதுவும் கிடைக்கவில்லை.

1965 இல் மேடை நாடகங்களில் வாய்ப்புத் தேடி நியூயார்க் சென்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. அங்கு ஓவியர் ஆண்டி வார்ஹாலைச் சுற்றியிருந்த கலைஞர் குழுவுடன் பழகினார். காகிதங்களை வெட்டி ஒட்டி அமைக்கும் ஒட்டுச்சித்திரங்களைப் படைத்தார்.

இறப்பு

1968 மார்ச் 30 அன்று, மன்ஹாட்டனின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் கைவிடப்பட்ட கட்டடமொன்றில் விளையாடச் சென்ற இரண்டு சிறுவர்கள் இவரது உடலைக் கண்டனர். இரத்தக்குழாய்த் தடிப்பினால் ஏற்பட்ட இதயச் செயலிழப்பே இறப்புக்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. உடலில் அடையாளச் சான்று எதுவும் இல்லை. காவல்துறையினர் அப்பகுதியினரிடம் ஒளிப்படத்தைக் காட்டியும் எவரும் அடையாளம் காட்டவில்லை. எனவே, உரிமை கோரப்படாதோரை அடக்கம் செய்யும் ஹார்ட் தீவில் பெயரின்றிப் புதைக்கப்பட்டார்.

1969 இன் இறுதியில், தந்தை இறக்கும் தறுவாயில் இருந்தபோது, மகனைக் கண்டறியத் தாயார் டிஸ்னி நிறுவனத்தின் உதவியை நாடினார். கைரேகைப் பதிவுகளை ஒப்பிட்டபோதே உண்மை தெரியவந்தது. 1970களின் தொடக்கத்திலேயே பொதுமக்கள் இவரது இறப்பை அறிந்தனர். கலிபோர்னியாவிலுள்ள தந்தையின் கல்லறையில் டிரிஸ்கோலின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. உடல் ஹார்ட் தீவிலேயே உள்ளது.