1 டொலருக்குக் கைமாறிய மருந்து

அம்மம்மாவுக்குச் சலரோகம். வன்னியில் இருந்த காலத்தில் அவருடைய இன்சுலின் குப்பியை ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைத்திருப்போம். மின்சாரம் இல்லாத இடத்தில் அதுதான் குளிர்சாதனப்பெட்டி. 2009 இன் தொடக்கத்தில் இடத்துக்கு இடம் ஓடியபோது உடுப்புப் பையை விட்டாலும் அந்தச் சட்டியை அம்மா விடவில்லை. மாசியில் கடைசிக் குப்பியும் முடிந்தது.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 14 இல் உலக நீரிழிவு தினம் வரும்போது எனக்கு அந்தச் சட்டி நினைவுக்கு வரும். அது பிரெட்ரிக் பாண்டிங்கின் பிறந்தநாள். எங்கள் உறவுகள் பலர் இன்று வாழும் ரொறன்ரோவில்தான் அவர் இன்சுலின் ஆய்வைத் தொடங்கினார். அவரும் போரில் காயப்பட்டவர் என்பதைப் பிந்தித்தான் அறிந்தேன்.

1891 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், அலிஸ்டன் என்ற ஊரில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். முதலாம் உலகப் போருக்கு மருத்துவர்கள் தேவைப்பட்டதால் படிப்பைச் சுருக்கி 1916 இல் அவருடைய வகுப்பை வெளியேற்றினார்கள். 1918 செப்ரெம்பரில் பிரான்சின் கம்ப்ரே அருகே எறிகணைச் சிதறல் அவரது வலது கையைக் கிழித்தது. அந்தக் காயத்தோடு மணிக்கணக்காக மற்றக் காயக்காரருக்கு மருந்து கட்டினார். அதற்காக இராணுவச் சிலுவைப் பதக்கமும் பெற்றார்.

ஊர் திரும்பியவருக்குப் பிழைப்பு எளிதாக இருக்கவில்லை. 1920 இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில் முதல் மாத வருமானம் 4 டொலர். செலவைச் சமாளிக்கப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகக் கற்பித்தார். அந்த வகுப்புக்கு ஆயத்தம் செய்த ஓர் ஒக்ரோபர் இரவில்தான் யோசனை பிறந்தது.

சதையி எனப்படும் கணையத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, சமிபாட்டு நொதியங்களைச் சுரந்து ஒரு கான் வழியாகக் குடலுக்கு அனுப்புவது. மற்றது, தீவுகள் போல் சிதறிக் கிடக்கும் கலங்களிலிருந்து ஓமோன்களை நேரே இரத்தத்தில் விடுவது. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சீனியைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் போகச் செய்வது இன்சுலின். சீனி குறைந்தால், ஈரலில் சேமித்ததை வெளியே விடச் செய்வது குளுக்ககன். இரண்டும் பெப்ரைட் ஓமோன்கள். அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலிகள். இன்சுலினில் அவை 51. இறைச்சியைச் சமிக்கச் செய்யும் நொதியங்கள் இன்சுலினையும் உடைத்துவிடும். அதனால்தான் அதைக் குளிசையாக விழுங்காமல் ஊசியாகப் போடுகிறோம்.

முன்பு சதையியிலிருந்து சாறெடுத்தவர்கள் தோற்றதற்கும் அந்த நொதியங்களே காரணம் என்று பாண்டிங் நினைத்தார். கானைக் கட்டினால் நொதியம் சுரக்கும் பகுதி நலிந்துபோகும், தீவுகள் தப்பும் என்பது அவருடைய கணக்கு. 1921 மே மாதம் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மக்லியோட் கொடுத்த ஆய்வுகூடத்தில், மாணவர் சார்ள்ஸ் பெஸ்டுடன் நாய்களில் ஆய்வைத் தொடங்கினார். கானைக் கட்டாமலே, மாட்டுச் சதையியிலிருந்து மதுசாரத்தால் சாறெடுக்கலாம் என்று பின்னர் தெரிந்தது. ஜேம்ஸ் கொலிப் அதைத் தூய்மையாக்கினார்.

அதுவரை சலரோகம் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் பட்டினிதான். உணவைக் குறைத்துக் குறைத்து உயிரைச் சில காலம் நீட்டுவார்கள். 14 வயது லெனாட் தொம்சனும் அப்படி எலும்பும் தோலுமாகவே ரொறன்ரோ வைத்தியசாலைக்கு வந்தான். 1922 ஜனவரி 11 இல் போட்ட முதல் ஊசி அதிகம் பயன்தரவில்லை. 23 ஆம் திகதி கொலிப்பின் சாறு ஏறியபோது சீனி இறங்கியது. அவன் மேலும் 13 வருடங்கள் வாழ்ந்தான்.

பாண்டிங் கோபக்காரர். 1923 இல் நோபல் பரிசு தனக்கும் மக்லியோட்டுக்கும் கிடைத்து, பெஸ்ட் விடுபட்டபோது கொதித்தார். தன் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்லியோட் தன் பங்கைக் கொலிப்புடன் பகிர்ந்தார். அதே வருடம் பாண்டிங், பெஸ்ட், கொலிப் மூவரும் இன்சுலின் உரிமத்தை ஆளுக்கு 1 டொலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். எந்தத் தனி நிறுவனமும் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடாது என்பதே நோக்கம்.

இரண்டாம் உலகப் போரிலும் அவர் சேவைக்குப் போனார். 1941 பெப்ரவரியில் பிரித்தானியாவுக்குப் பறந்த விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழுந்து, 49 வயதில் இறந்தார்.

அவர் விலை வைக்காத மருந்து எங்களிடம் வந்துசேரப் பாதை இருக்கவில்லை. அம்மம்மாவின் காலில் இருந்த சிறு புண் ஆறவேயில்லை. பங்குனியில், பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே அவரைப் புதைத்தோம். 1922 க்கு முந்திய காலம் அந்தச் சில வாரங்களில் எங்களிடம் திரும்பி வந்திருந்தது.

இப்போது அம்மாவுக்கும் சலரோகம். இன்சுலின் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் இருக்கிறது. கரண்ட் போனால் அம்மா முதலில் தேடுவது மெழுகுதிரியை அல்ல, மண்சட்டியை.