பூ. ச. குமாரசுவாமி ராஜா

பூ. ச. குமாரசுவாமி ராஜா (ஜூலை 8, 1898 – மார்ச் 1957) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் அரசியல்வாதியும் ஆவார். காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்த இவர் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் (1950 முதல் சென்னை மாநிலம்) முதல்வராகவும், 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகவும் பணியாற்றினார். இந்தியக் குடியரசு மலர்ந்தபோது சென்னையில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் இவரே. அரசாணைகளுக்கும் சட்டமன்றத்திற்கும் நீதிமன்றத்திற்கும் உள்ள எல்லைகள் இவரது ஆட்சிக் காலத்தில்தான் முதன்முறையாகச் சோதனைக்கு உள்ளாயின.

இளமை

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் சமூகத்தில் பிறந்தார். 1910 முதல் விருதுநகர், சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. விருதுநகர் வணிகத்திற்கும், சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலுக்கும், இராசபாளையம் பருத்திக்கும் பெயர் பெற்றவை. குமாரசுவாமி ராஜா சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். காந்தியின் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டுக் காங்கிரசில் இணைந்தார்.

அரசியல் வாழ்வு

விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1934 இல் இந்திய மத்திய சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். மாகாணக் காங்கிரசில் அப்போது பல அணிகள் இருந்தன. 1946 தேர்தலுக்குப் பின் த. பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆகியோர் அடுத்தடுத்து முதல்வர்களாயினர். ரெட்டியார் விலகியபின், தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரான காமராசரின் ஆதரவுடன் ஏப்ரல் 6, 1949 அன்று குமாரசுவாமி ராஜா முதல்வரானார். தமிழ்நாடு காங்கிரசின் தலைவரும் அரசின் தலைவரும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்களாக அமைந்தனர்.

வகுப்புவாரி அரசாணை

அரசுப் பணிகளில் பல்வேறு சமூகங்களுக்கும் இடம் வழங்கும் வகுப்புவாரி அரசாணை, நீதிக்கட்சி ஆட்சியில் 1921 இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் 1928 இல் அதற்குச் செயல்வடிவம் கொடுத்தார். சட்டமன்றத்தில் விவாதங்கள் நடந்தபோதிலும், இது சட்டமாக இயற்றப்படாமல் அரசாணையாகவே தொடர்ந்தது. 1929 இல் அமைக்கப்பட்ட சென்னைப் பணித் தேர்வாணையமே இந்தியாவின் முதல் மாகாணத் தேர்வாணையம் ஆகும். அதன் தேர்வுகளும் இவ்வாணையைப் பின்பற்றியே நடைபெற்றன.

1947 இல் திருத்தப்பட்ட ஆணையின்படி 14 இடங்கள் பின்வருமாறு பகிரப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1, முசுலிம்களுக்கு 1. கல்லூரிச் சேர்க்கையிலும் இதே முறை கையாளப்பட்டது. 1949 இல் தேர்வாணையம் 83 மாவட்ட முன்சீப் பணியிடங்களுக்கு விண்ணப்பங்களைக் கோரியபோது அவ்விடங்களும் வகுப்புவாரியாகவே பிரிக்கப்பட்டன. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32 இடங்களும், அரிசனங்களுக்கு 19 இடங்களும், பிராமணர்களுக்கு 11 இடங்களும், எஞ்சியவை பிறருக்கும் ஒதுக்கப்பட்டன.

ஜனவரி 26, 1950 அன்று அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று கூறும் 13ஆம் பிரிவு, சட்டம் என்னும் சொல்லில் அரசாணைகளையும் உள்ளடக்கியது. ஜூலை 27, 1950 அன்று சென்னை உயர் நீதிமன்றம் செண்பகம் துரைராசன் வழக்கில் கல்லூரிச் சேர்க்கைக்கான ஆணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. குமாரசுவாமி ராஜாவின் அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. ஏப்ரல் 9, 1951 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அதே நாளில் முன்சீப் பணியிடங்கள் தொடர்பான வெங்கட்டரமணா வழக்கிலும் தீர்ப்பு வெளியானது. அரிசனங்கள், பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் ஆகியோருக்கான ஒதுக்கீட்டை மட்டும் ஏற்ற நீதிமன்றம், ஏனைய பிரிவினையை ஏற்கவில்லை.

இத்தீர்ப்புகளால் முப்பது ஆண்டுகளாக நிலைபெற்றிருந்த ஓர் ஏற்பாடு குலைந்தது. ஈ. வெ. இராமசாமிப் பெரியாரின் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் போராட்டங்களை நடத்தின. காமராசர் மத்திய அரசை வலியுறுத்தினார். தற்காலிக நாடாளுமன்றம் அரசியலமைப்பின் முதலாவது திருத்தத்தை நிறைவேற்றி 15(4) ஆம் உட்பிரிவைச் சேர்த்தது. அது ஜூன் 18, 1951 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் செப்டம்பர் 1951 இல் சென்னை அரசு புதிய ஆணையை வெளியிட்டது. அதன்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 15 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோருக்கு 25 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன.

தேர்வாணையங்கள் குறித்த அரசின் அதிகாரத்திற்கும் அரசியலமைப்பு ஓர் எல்லையை வகுத்தது. எவ்வெவற்றில் ஆணையத்தைக் கலந்தாலோசிக்கத் தேவையில்லை என ஆளுநர் வகுக்கும் விதிகள், சட்டமன்றத்தின் ஒவ்வோர் அவையிலும் குறைந்தது 14 நாட்கள் வைக்கப்பட வேண்டும் என்று 320(5) ஆம் உட்பிரிவு கூறுகிறது. உறுப்பினர்கள் அவற்றைத் திருத்தலாம் அல்லது நீக்கலாம்.

தடை ஆணைகளும் ஆலோசனைக் குழுவும்

பொதுவுடைமைக் கட்சியினர் மீது அரசு கடும் நடவடிக்கைகளை மேற்கொண்டது. மார்ச் 1, 1950 அன்று பம்பாயிலிருந்து வெளிவந்த கிராஸ் ரோட்ஸ் என்னும் இதழ் மாநிலத்தில் நுழைய அரசு தடை விதித்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தடையை மே 1950 இல் நீக்கியது.

அதே மார்ச் மாதத்தில் மக்கள் கல்விச் சங்கம் என்னும் அமைப்பு அரசாணை மூலம் சட்டவிரோதமானது என அறிவிக்கப்பட்டது. இத்தகைய அறிவிப்புகளை ஓர் ஆலோசனைக் குழுவின் முன் வைக்க வேண்டும் என்று சட்டமன்றம் 1950 இல் சட்டத்தைத் திருத்தியது. எனினும் நீதிமன்ற விசாரணைக்கு அக்குழு ஈடாகாது எனக் கருதிய உச்ச நீதிமன்றம், வி. ஜி. ராவ் வழக்கில் மார்ச் 31, 1952 அன்று அத்திருத்தம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

அறநிலைய வாரியம்

கோயில்களையும் மடங்களையும் மேற்பார்வையிட 1920களில் நீதிக்கட்சி ஆட்சி இந்து அறநிலைய வாரியத்தை ஏற்படுத்தியது. தலைவரும் ஆணையர்களும் கொண்ட இவ்வாரியம் 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கியது. குமாரசுவாமி ராஜாவின் ஆட்சியில் சட்டமன்றம் 1951 ஆம் ஆண்டின் 19 ஆம் சட்டத்தை நிறைவேற்றி வாரியத்தைக் கலைத்தது. வாரியத்தின் பணிகள் ஆணையர், துணை ஆணையர்கள், உதவி ஆணையர்கள் ஆகியோரைக் கொண்ட அரசுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன.

வாரியத்தின் கலைப்பு அரசாணையால் அன்றிச் சட்டத்தின் மூலமே நடைபெற்றது. ஆயினும் அச்சட்டமும் நீதிமன்றச் சோதனைக்குத் தப்பவில்லை. சிரூர் மட வழக்கில் 1954 இல் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. அதற்குப் பதிலாக 1959 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. துறை என்னும் அமைப்பு மட்டும் நிலைத்து, இன்றைய தமிழ்நாடு இந்து சமய அறநிலையத் துறையாக விளங்குகிறது. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலும் இத்துறையின் கீழ் உள்ளது.

பிற்காலம்

1952 இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் 375 இடங்களில் 152 இடங்களை மட்டுமே பெற்றது. குமாரசுவாமி ராஜாவும், மீ. பக்தவத்சலம் உள்ளிட்ட அமைச்சர்கள் சிலரும் தோல்வியடைந்தனர். ஏப்ரல் 10, 1952 அன்று இராசகோபாலாச்சாரி முதலமைச்சரானார். குமாரசுவாமி ராஜா 1954 இல் ஒரிசாவின் ஆளுநராக அமர்த்தப்பட்டு 1956 வரை அப்பதவியில் இருந்தார். மார்ச் 1957 இல் காலமானார்.

நினைவு

இராசபாளையத்தில் இருந்த தமது இல்லத்தைப் பொதுப் பயன்பாட்டிற்காகக் கொடையாக வழங்கினார். அது காந்தி கலை மன்றமாக விளங்குகிறது. நகரில் உள்ள பூங்கா ஒன்றும் இவரது பெயரைத் தாங்கியுள்ளது. காமராசர், இராசகோபாலாச்சாரி ஆகியோரின் புகழுக்கிடையே இவரது மூன்றாண்டு ஆட்சி அதிகம் பேசப்படுவதில்லை. எனினும் இவரது அரசு ஒரு தரப்பாக நின்று தோற்ற வழக்குகள் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படைப் பாடங்களாக இன்றும் கற்பிக்கப்படுகின்றன.